வீட்டுக்கு இரண்டு முருங்கை

கோதையாறு பாறைமேல் விழுந்து பரந்தோடும் திற்பரப்பு வட்டாரத்தில் நீருக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்து வளம்பெறும் நிலம் இது. இத்தகைய நிலத்தில் வாழும் குடும்பங்கள் அன்றாடக் கறிக்கு வேண்டிய கீரையைக் காசு கொடுத்துக் கடையில் வாங்குவது தகுமா என்பதே இம்மாதம் நாம் அங்கத்தினர்கள் முன் வைக்கும் கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆயினும் நம் குடும்பங்களின் ஆரோக்கியமும் நம் சங்கத்தின் நன்மையும் அதனோடு பிணைந்து கிடக்கின்றன.

நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விவசாய அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் புரையிடத்தில் இலைக்கென்றே இரண்டு முருங்கை மரங்களை வளர்க்க வேண்டும். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று சங்கத்துக்கு. முதல் மரத்தின் இலை வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் உரியது. இரண்டாம் மரத்தின் இலையைச் சங்கம் வாரந்தோறும் திரட்டி, தோட்டமில்லாத நெசவாளர் குடும்பங்களுக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களுக்கும் சேர்ப்பிக்க வேண்டும். இதற்குரிய காரணங்களையும் வழிவகைகளையும் கீழே விளக்குகிறோம்.

தமிழ்நாட்டில் ரப்பர் மிகுதியாக விளையும் மாவட்டம் நம் கன்னியாகுமரி மாவட்டமே. அதிலும் மலையடிவாரமாகிய நம் வட்டாரத்தில் ரப்பரே பிரதான விளைபொருள். ரப்பர் நமக்குச் சோறு போட்டது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதனை நாம் குறைகூற வரவில்லை. எனினும் ரப்பர் மரம் கன்று நட்டு ஏறத்தாழ 7 ஆண்டுகள் கழிந்த பின்னரே பால் தருகிறது. மழை பெய்யும் நாளில் பால்வெட்டு நின்றுபோகிறது. இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கிறது. விலையோ நம் கையில் இல்லை. 2011ஆம் ஆண்டில் கிலோவுக்கு 240 ரூபாயை எட்டிய ஷீட் விலை, 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விலை இறங்கும்போது குடும்பத்தலைவி முதலில் குறைப்பது எதனை? வட்டியைக் குறைக்க முடியாது. பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. கறிச்செலவையே குறைக்கிறாள். கறியிலும் தன் பங்கையே முதலில் குறைத்துக்கொள்கிறாள்.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் நம் வீடுகளில் குடியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 100க்கு 57. விடியுமுன் எழுந்து பால்வெட்டச் செல்லும் பெண்ணும், தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றும் பெண்ணும் இக்கணக்கில் அடங்கியவர்களே. மாலையில் வரும் தலைச்சுற்றலையும் மூச்சுவாங்குதலையும் வேலையின் அசதி என்று சொல்லி அவர்கள் அமைதி அடைகிறார்கள். அசதியென்று எண்ணுவது பல சமயம் இரத்தக் குறைவாக இருக்கக்கூடும்.

நம் பக்கத்து உணவில் மரச்சீனிக்குப் பெரிய இடமுண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்குப் பயிரைப் பரப்புவதற்கு ஊக்கமளித்தார். கடல்கடந்து வந்த அந்தக் கிழங்கு அரிசி கிட்டாத காலங்களில் ஏழைகளின் வயிற்றை நிறைத்தது. ஆயினும் மரச்சீனி மாவுச்சத்து நிரம்பிய உணவே அன்றி, புரதமும் இரும்பும் மிகுந்ததன்று. அதனோடு மீன் சேரும் நாளில் குறை ஓரளவு தீரும். மீன் வாங்க இயலாத நாளில் அக்குறையை எதைக்கொண்டு நிரப்புவது? வெளிநாட்டுக் கிழங்கை வரவேற்றுப் பயிராக்கிய நாம், நம் நாட்டு மரமாகிய முருங்கையை வேலியோரத்தில் கவனிப்பாரின்றி விட்டுவிட்டோம் என்பதே உண்மை.

முருங்கையின் தாயகம் இமயமலையடிவாரத்து வடமேற்கு இந்தியா என்று தாவரவியலார் கூறுவர். எனினும் தென்னாட்டு மொழிகளில் வழங்கும் பெயரிலிருந்தே ‘மொரிங்கா’ என்னும் அதன் விஞ்ஞானப் பெயர் பிறந்தது. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாயிருந்த வான் ரீட் என்பவரின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலில் மலையாளக் கரையின் செடிகொடிகளோடு முருங்கையும் இடம்பெற்றிருக்கிறது. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் குழந்தைகளின் உணவுக்குறையைப் போக்கும் பொருட்டு இம்மரத்தை நட்டு வளர்க்கிறார்கள்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுப்பொருள் அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், 300 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தும், 4 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பும், 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வைட்டமின் சி சத்தும் உள்ளன. கண்பார்வைக்கு உதவும் வைட்டமின் ஏ சத்தாக உடலில் மாறும் பொருளும் இதில் நிரம்ப உண்டு.

இங்கே அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். முருங்கை முந்நூறு நோய்களைத் தீர்க்கும் என்று சொல்லி மாவையும் மாத்திரையையும் விற்போர் இந்நாளில் பெருகிவிட்டனர். வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணிப்பு. ஒரு கைப்பிடி கீரை அத்தேவையில் சிறு பங்கையே தரும். அப்பங்கிலும் உடல் ஏற்றுக்கொள்வது கொஞ்சமே. ஆதலால், இரத்தசோகை உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டுக் கீரையை நம்பியிருத்தல் கூடாது. மாத்திரை நோயைத் தணிக்கும். நாள்தோறும் உண்ணும் நல்லுணவு நோய் திரும்பி வராமல் தடுக்கத் துணைசெய்யும். முருங்கையின் பெருமை அதன் அற்புதத்தில் இல்லை. ஆண்டு முழுவதும் செலவின்றிக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதில்தான் இருக்கிறது.

சமைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். துவரனோ குழம்போ எதுவாயினும், இலையை நெடுநேரம் வேகவைத்தல் கூடாது. இறக்கியபின் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச் சத்து உடலில் எளிதாகச் சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தும் பழக்கம் அச்சத்தைச் சேரவொட்டாமல் தடுக்கும். மரத்தின் பட்டையையும் வேரையும் உண்ணலாகாது. கருவுற்ற பெண்களுக்கு அவை கேடு விளைவிக்கும்.

இனி, நம் ஊர்க்காரர்கள் கூறும் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“மழை மிகுந்த நம் மண்ணில் முருங்கை நிற்காது, அது கரூர், தேனிச் சீமைகளின் மரம்” என்பது முதல் ஆட்சேபம். இதில் பாதி உண்மை இருக்கிறது. முருங்கை வறட்சியைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. அடியில் நீர் நின்றால் வேர் அழுகி மரம் சாயும். மழைக்காலத்தில் பூவும் உதிர்ந்துபோகும். ஆகவே காய்க்காகப் பெருந்தோட்டம் வைப்பதற்கு நம் வட்டாரம் ஏற்றதன்று. ஆனால், நாம் கேட்பது காயன்று, இலை. இலைக்கு வேண்டியது வெயிலும், வேரடியில் நீர் தங்காத மேட்டுமண்ணும் மட்டுமே. சரிவான நிலம் நமக்கு இயற்கை தந்த வடிகால். ரப்பர் நிழலில் முருங்கையை நட்டுப் பயனில்லை. வீட்டின் முற்றத்தோரம், கிணற்றங்கரை மேடு, வெயில்படும் வேலியோரம் ஆகிய இடங்களே அதற்கு உரியவை.

நடும் முறை வருமாறு. நல்ல வெயில்படும் இடத்தில் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியெடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் சிறிது அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்ப வேண்டும். நிரப்பிய மண் தரைமட்டத்துக்கு மேல் ஓரடியாவது மேடாக நிற்கவேண்டும். மேட்டைச் சுற்றிய நீர் வழிந்தோட ஒரு சிறு சால் வெட்டிவிடுதல் நலம். போத்து நட்டும் வளர்க்கலாம், விதையிட்டும் வளர்க்கலாம். போத்திலிருந்து வளரும் மரம் தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். ஆனால் அதன் வேர் ஆழச் செல்லாது. விதையிலிருந்து வளரும் மரம் ஆணிவேர் விட்டு ஆழமாக ஊன்றி நிற்கும். ஆடிக்காற்றும் பெருமழையும் உள்ள நம் ஊருக்கு விதை மரமே ஏற்றது என்பது நமது கருத்து.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை இன்று நாடெங்கும் பரவியுள்ளது. அதன் விதையைப் பயன்படுத்தலாம். விதை புதியதாக இருத்தல் வேண்டும். ஓராண்டு கடந்த விதையின் முளைப்புத்திறன் குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி வரையுள்ள காலத்தில் நடுவது உத்தமம். கோடையில் நீரூற்றிக் காத்தால், அடுத்த இடவப்பாதி மழை வருவதற்குள் கன்று வேரூன்றித் தன் காலில் நின்றுவிடும்.

செடி இரண்டரை அடி உயரம் வந்தவுடன் நுனியைக் கிள்ளிவிடுதல் இன்றியமையாதது. கிள்ளாத முருங்கை தென்னையைப்போல் மேலே ஓடி, இலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கிள்ளிய செடி பக்கக் கிளைகள் விட்டுக் குடைபோல் விரியும். பின்னர்ப் பெண்களும் முதியோரும் தரையில் நின்றபடியே ஒடிக்கத்தக்க உயரத்தில் கிளைகளை அவ்வப்போது வெட்டிவர வேண்டும். ஒருமுறை எல்லாக் கிளைகளையும் மொட்டையடிக்காமல், சில கிளைகளை விட்டு மற்றவற்றை ஒடித்தால், மாதம் ஒன்றரைக்குள் மறு தளிர் தயாராகும். உயரம் குறைந்த மரத்துக்குக் காற்றில் முறிந்துவிழும் ஆபத்தும் குறைவு. முருங்கைக் கிளை மென்மையானது. பிள்ளைகளை அதில் ஏறவிடுதல் கூடாது.

“கம்பளிப்பூச்சி வந்து குடியேறும், பிள்ளைகளுக்கு அரிப்பு உண்டாகும்” என்பது இரண்டாம் ஆட்சேபம். பலர் வீட்டு மரத்தை வெட்டியெறிந்ததற்கு இதுவே காரணம். இப்புழுக்கள் பகற்பொழுதில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். அந்நேரத்தில் நீண்ட கம்பில் கட்டிய பந்தத்தால் பட்டை கருகாதபடி மேலாகச் சுட்டும், நெடிய துடைப்பத்தால் சோப்புநீர்ப் பாத்திரத்தில் வழித்துத் தள்ளியும் அழிக்கலாம். மழைக்குப்பின் வரும் நாட்களில் மரத்தைத் தினமும் ஒருமுறை நோக்கினாலே போதும். மரம் உயரம் குறைந்து நின்றால் இவ்வேலை எளிது. உண்ணும் இலையின்மேல் பூச்சிமருந்து தெளித்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

“ஆடி மாதத்தில் முருங்கையிலை உண்ணலாகாதே” என்பது மூன்றாவது. கர்க்கடகம் என்று நாம் வழங்கும் அம்மாதத்தில் இவ்விலையை ஒதுக்கும் வழக்கம் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இருந்துவருகிறது. அதனைக் கைக்கொள்வோர் கைக்கொள்ளட்டும். மரத்துக்கும் ஒருமாத ஓய்வு கிடைக்கும். ஒரு மாதத்தின் வழக்கத்தைக் காரணங்காட்டிப் பதினொரு மாதத்துப் பயனை இழப்பதுதான் கூடாது.

நான்காவது ஆட்சேபம் சற்று நுட்பமானது. “முருங்கையிலையை விலைக்கு விற்பதா? கேட்டவர்க்கெல்லாம் ஒடித்துக் கொடுப்பதன்றோ நம் வழக்கம்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பது முற்றும் நியாயம். அதனாலேயே நாம் ஒரு மரத்தை அன்றி இரண்டு மரங்களைச் சொல்கிறோம். முதல் மரம் அந்தப் பழைய வழக்கத்துக்கு உரியது. வேலிக்கு அப்பாலிருந்து கை நீட்டும் அயல்வீட்டாளுக்கு அதிலிருந்து விலையின்றிக் கொடுப்பதே அறம். ஆனால், வேலியே இல்லாதவன் யாரிடம் கை நீட்டுவான்? நாகர்கோவில் வடசேரியிலும் பிற நெசவு ஊர்களிலும் தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் அமைய, பின்புறம் நாலு முழ மண்கூட இல்லாத வீடுகள் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு நம் முற்றத்து மரம் எட்டாது. இரண்டாவது மரம் அவர்களுக்கானது. அதைக் கொண்டுசேர்க்கும் கையாகச் சங்கம் இருக்கவேண்டும்.

சங்கம் ஏன் வேண்டும்? முருங்கையிலை ஒடித்த மறுநாளே காம்பிலிருந்து உதிரத் தொடங்கும் பண்டம். வாடும் பண்டத்தை வைத்திருப்பவன் பேரம் பேச முடியாது. வாங்குபவன் சொன்னதே விலையாகும். இதே நிலைமை பாலுக்கும் இருந்தது. இன்றைய குஜராத்தின் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் 1946ஆம் ஆண்டில் கூட்டுறவு ஒன்றியமாகச் சேர்ந்ததன் காரணம் அதுவே. தனித்தனியே நின்றபோது வியாபாரியின் தயவை எதிர்பார்த்த அவர்கள், ஒரு படிப் பாலைக்கூட நேரந்தவறாமல் அளந்து வாங்கித் திரட்டும் ஏற்பாட்டினால் தம் விலையைத் தாமே நிர்ணயிக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். பெரிய யந்திரங்கள் பிறகு வந்தவை. முதலில் வந்தது ஒழுங்கான திரட்டல்.

நாம் வேண்டுவதும் அத்தகைய எளிய ஒழுங்கே. வாரத்தில் இரண்டு நாட்கள் குறித்துக்கொள்ளலாம். காலை வெயிலேறுமுன் ஒடித்த இலைக்கட்டுகளை ஈரத்துணியால் மூடி, ஊருக்கு ஓரிடத்தில் சேர்க்கலாம். நூறு அங்கத்தினர் ஆளுக்கு அரைக் கிலோ கொணர்ந்தால் 50 கிலோ இலை சேரும். அது நூற்றுக்கணக்கான வீடுகளின் ஒருவேளைக் கறிக்குப் போதும். நூலும் துணியும் ஏற்றிச் செல்லும் வண்டியில் கீரைக்கும் ஓரிடம் ஒதுக்கினால் தனி வண்டிக்கூலி நேராது. கொடுத்தவர் கணக்கில் இலையின் தொகையை வரவு வைத்து, கைத்தறித் துணி வாங்கும்போது ஈடுசெய்துகொள்ளவும் விதிசெய்யலாம். இவ்வாறு விவசாயியின் முற்றத்து இலை நெசவாளியின் கலத்துக்கும், நெசவாளியின் வேட்டி விவசாயியின் இடைக்கும் செல்லுமானால், ஒரே சங்கத்தில் இருவரும் அங்கம் வகிப்பதற்குப் பொருள் உண்டாகும்.

பள்ளிகளையும் நாம் மறத்தலாகாது. காமராஜர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982ஆம் ஆண்டு சத்துணவாக விரிந்தது. 2022ஆம் ஆண்டு முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. கலத்தில் விழும் சோற்றை அரசு பார்த்துக்கொள்கிறது. அதனோடு ஒரு கரண்டி முருங்கைத் துவரன் சேர்வதற்கு ஊராரின் ஒத்துழைப்பே வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர்களையும் சத்துணவு அமைப்பாளர்களையும் கலந்து, முறைப்படி அனுமதி பெற்று, வாரம் ஒருநாள் இலை வழங்கச் சங்க நிர்வாகத்தார் ஆவன செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

“வெளிநாடுகளில் முருங்கைமாவு நல்ல விலைக்குப் போகிறதாமே; நாமும் ஏன் ஏற்றுமதி செய்யலாகாது?” என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வெளிவருகிறது. அதன்வழி அமைந்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி, அரியலூர், திருப்பூர், மதுரை ஆகிய மாவட்டங்கள் இடம்பெற்றன. அவை வெயில் மாவட்டங்கள், முருங்கைக்குப் பழகியவை. நம் ஊரிலோ ஈரக்காற்று மிகுதி. இலையை நிழலில் விரைந்து உலர்த்தாவிடில் பூஞ்சணம் பிடிக்கும். நேர்வெயிலில் காயவைத்தாலோ சத்து அழியும். ஒரு கிலோ மாவுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ வரை பச்சையிலை வேண்டியிருக்கும். உலர்த்தும் யந்திரத்துக்குக் கடன் வாங்கி, காணாத சந்தையை நம்பி, பின் விலை இறங்கியபோது கைபிசைந்து நிற்பதற்கு நமக்கு ரப்பரின் அனுபவமே போதும். முதலில் நம் வீட்டுக் குழந்தை உண்ணட்டும். அடுத்து நம் சங்கத்து நெசவாளி உண்ணட்டும். மிஞ்சியது இருந்தால் அப்போது கடல்கடந்த சந்தையைப் பற்றி யோசிக்கலாம்.

சங்க நிர்வாகத்துக்கு நாம் முன்வைக்கும் யோசனைகள் மூன்று. ஒன்று, பேச்சிப்பாறையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனை பெற்று, வரும் கார்த்திகைக்குள் ஒரு சிறு நாற்றங்கால் அமைத்து, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கன்றுகள் அடக்க விலைக்கு வழங்குதல். இரண்டு, முதலில் ஒரே ஊரில் வாரமிருமுறை திரட்டலை ஆறுமாத காலம் நடத்திப் பார்த்து, வரவு செலவை இப்பத்திரிகையில் ஒளிவின்றி வெளியிடுதல். மூன்று, இத்திரட்டலைப் பெண் அங்கத்தினர்களின் பொறுப்பில் விட்டு, இலையின் தொகையை அவர்கள் பெயரிலேயே வரவு வைத்தல். மரத்துக்கு நீரூற்றுவதும், இலை ஒடிப்பதும், உருவி ஆய்வதும் அவர்களே. பணம் மட்டும் வேறொருவர் பெயரில் சேர்வது நியாயமன்று.

முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. முதுமையிலும் ஊன்றுகோல் தேவைப்படாமல் கைவீசி நடப்பான் என்று சிலர் அதற்குப் பொருள் சொல்வர். அம்மரத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று வேறு சிலர் சொல்வர். உணவாக நோக்கினால் முதற்பொருள் நமக்கு நம்பிக்கை தருகிறது. வாடும் பண்டத்தைத் தனியே சந்தைக்குக் கொண்டுசென்றவனை நோக்கினால் இரண்டாம் பொருளும் பொய்யன்று. ஒன்றுகூடி நட்டு ஒன்றுகூடி விற்றால் அந்த இரண்டாம் பொருளை நாம் மாற்றிவிட முடியும். வடகிழக்கு மழை ஓய்ந்தவுடன் குழியெடுக்கத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.